பிரசர் குளிசையை நாமாக நிறுத்தலாமா?



எம்முடன் இரவு வேலை செய்யும் அண்ணர் ஒருவர் பிரசருக்குக் குளிசை எடுப்பவர். "இதைப் போட்டால் மெசினுக்குப் பக்கத்தில் நின்றபடியே நித்திரை வருகுது, வாயும் காயுது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், ஒரு வெள்ளிக்கிழமை அதை அவராகவே நிறுத்திவிட்டார். ஞாயிறு மாலை நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, தலை வெடிப்பதுபோல் இடித்தது. ஆஸ்பத்திரியில் அளந்தபோது, குளிசை தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிடவும் பிரசர் ஏறியிருந்தது.

"குளிசையை விட்டால் பழைய பிரசர்தானே வரவேணும், எப்படிக் கூடியது?" என்று பிறகு எம்மிடம் கேட்டார். நாம் வைத்தியர்கள் அல்ல. ஆனாலும் அந்தக் கேள்விக்கு விடை தேடி அறிந்ததை இம்முறை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

பிரசர் குளிசைகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில, உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீருடன் வெளியேற்றுகின்றன. அம்லோடிபின் போன்றவை இரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன. வேறு சில மூளைக்குள்ளேயே வேலை செய்கின்றன. அண்ணர் எடுத்த குளோனிடின் அந்த வகையைச் சேர்ந்தது. மொக்சோனிடின், மெதில்டோபா என்பனவும் அவ்வாறானவையே.

எமது மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டிலிருந்து இருதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் நரம்புகள் வழியாக ஓயாமல் கட்டளை போகிறது. கட்டளை கூடினால் இருதயம் விரைவாக அடிக்கும், குழாய்கள் சுருங்கும், பிரசர் ஏறும். இந்தக் குளிசைகள் அந்தக் கட்டளையைப் புறப்படும் இடத்திலேயே குறைத்துவிடுகின்றன. தொழிற்சாலையில் ஒவ்வொரு மெசினாக நிறுத்தாமல், மெயின் சுவிச்சில் மின்சாரத்தைக் குறைப்பது போன்றது இது.

அதனாற்றான் நித்திரைத் தூக்கமும் வருகிறது. 1960களின் தொடக்கத்தில் ஜேர்மனியில் குளோனிடினை மூக்கடைப்புக்கு மருந்தாகவே பரிசோதித்தார்கள். மூக்கில் விட்டவருக்கு நீண்ட உறக்கம் வந்து, நாடித்துடிப்பும் பிரசரும் இறங்கிவிட்டன. 1966இல் அது பிரசர் மருந்தாக விற்பனைக்கு வந்தது.

இனி அண்ணரின் கேள்விக்கு வருவோம். நாட்கணக்காக அடக்கி வைத்த நரம்புகளைத் திடீரென அவிழ்த்துவிட்டால், அவை முன்னரைவிட வேகமாகக் கட்டளை அனுப்பும். ஓரிரு நாட்களுக்குள் பிரசர் பாய்ந்து ஏறும். மூளையில் இரத்தக் கசிவு வரைக்கும் அது கொண்டுபோய்விடலாம். எனவே இவ்வகைக் குளிசையை நிறுத்துவதென்றால், வைத்தியர் சொல்லும் முறையில் சிறிது சிறிதாகத்தான் குறைக்கவேண்டும். கூடவே 'பீற்றா புளொக்கர்' குளிசையும் எடுப்பவர்கள் இன்னும் அவதானமாக இருக்கவேண்டும். எதை முதலில் குறைப்பது என்பதை வைத்தியரே தீர்மானிக்கவேண்டும்.

அண்ணர் தனக்கு நித்திரை வருவதை வைத்தியரிடம் சொல்லவேயில்லை. சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம். எம்மவர் பலருக்கும் இந்தப் பயம் உண்டு. ஆனால் சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருக்கலாம், எடுக்கும் நேரத்தை மாற்றியிருக்கலாம், வேறு குளிசை தந்திருக்கலாம். இப்போது அவருக்கு வேறு குளிசைதான் கொடுத்திருக்கிறார்கள். வேலையும் போகவில்லை.

மொழி தெரியாவிட்டால் குளிசைப் பெட்டியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். குளிசை முடிவதற்கு ஒரு கிழமை முன்னரே அடுத்த துண்டை வாங்கிவிடுங்கள். பயணம் போகும்போது கைப்பையில் வையுங்கள். ஒருவேளை எடுக்க மறந்துவிட்டால், அடுத்த முறை இரண்டாகப் போடாமல் மருந்துக்கடையில் கேளுங்கள். மதுவும் நித்திரைக் குளிசையும் தூக்கத்தை மேலும் கூட்டும். தூக்கம் வரும் நாட்களில் கார் ஓட்டாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு மெதில்டோபா பலகாலமாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. பிள்ளைக்குக் கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை நிறுத்திவிடாதீர்கள். ஒருவருடைய குளிசையை இன்னொருவருக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

தாங்கமுடியாத தலையிடி, நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் விறைத்தல், பார்வை மங்கல் என்பன வந்தால் விடியும்வரை காத்திராதீர்கள். இங்கு 112 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.