சந்தைப் பேச்சுக்கு ஒரு பதில்

"சர்க்கரை, வலிப்பெல்லாம் யாருக்கும் வரும். அதற்குப் பட்டாளத்தான் ஏன் ஊன ஓய்வூதியம் கேட்கிறான்?" தேனிப் பக்கத்து வடுகபட்டி பூண்டுச் சந்தையில் மூட்டைக்கு நடுவே எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். கேட்க நியாயம்போலத்தான் இருக்கும்.

ஆனால் தரம்வீர் சிங் என்பவரின் வழக்கைப் பாருங்கள். 1985இல் அவர் சிப்பாயாகச் சேர்ந்தபோது உடம்பில் எந்த நோயும் பதிவாகவில்லை. 1994இல் வலிப்பு, 20 சதவீத ஊனம் என்று பணியிலிருந்து அனுப்பிவைத்தார்கள். பணிக்குத் தொடர்பில்லை என்றது மருத்துவ வாரியம், காரணம் சொல்லவில்லை. 2013இல் உச்ச நீதிமன்றம் கேட்டது அந்தக் காரணத்தைத்தான். சேரும்போது இல்லாத நோய் என்றால், பணியால் வரவில்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசு. சிப்பாய் அல்ல என்றது.

அதற்கு அவர் காத்திருந்தது 19 ஆண்டு. இதுவா சலுகை? இன்றும் வாரியம் மறுத்தால் மேல்முறையீடு, பிறகு சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். உடம்பு முடியாதவர் தேனியிலிருந்து பேருந்தேற வேண்டும்.