கூடாரம் மட்டுமே மருத்துவமனை ஆகிவிடாது

புயலும் வெள்ளமும் தாக்கியபின் அரிசி மூட்டைகளையும் போர்வைகளையும் கொண்டு சேர்ப்பதில் நம் ஜமாஅத்துகள் எவருக்கும் சளைத்தவையல்ல, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மருத்துவ உதவி என்று வரும்போது ஒரு பந்தல், இரண்டு மேசைகள், சில மாத்திரைப் பெட்டிகள், பெரியதொரு பதாகை ஆகியவற்றோடு கடமை முடிந்ததாகக் கருதுகிறோம். இப்போக்கு மாற வேண்டும்.

2010-இல் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது பல நாட்டு மருத்துவக் குழுக்கள் நல்லெண்ணத்தோடு விரைந்தன. ஆயத்தமின்றிச் சென்ற சில குழுக்கள் அம்மக்களுக்கே சுமையாயின. அந்தப் படிப்பினைக்குப் பின்னரே, 2013-இல், உலக சுகாதார நிறுவனம் இத்தகைய குழுக்களுக்கு அளவுகோல் வகுத்தது. இன்று அதன்படி, மிகச் சிறிய நடமாடும் குழுவும் நாளொன்றுக்குக் குறைந்தது 50 புறநோயாளிகளைக் கவனிக்கும் ஆற்றல் பெற்றிருக்க வேண்டும். தன் குடிநீரையும் உணவையும் மின்சாரத்தையும் தானே கொண்டுசெல்ல வேண்டும்.

"இது அரசின் வேலையல்லவா?" என்போர் 2018 நவம்பர் 16-ஐ நினைத்துப் பார்க்கட்டும். கஜா புயலில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. மின்கம்பங்கள் வீழ்ந்து ஊர்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. குளிரூட்டப் பெட்டி இயங்காத வீட்டில் இன்சுலின் என்னவாகும்? காயத்துக்குக் கட்டுப்போட ஆள் இருக்கலாம்; சர்க்கரை நோயாளிக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் அப்பந்தலில் என்ன இருக்கிறது?

பெண்களுக்குத் தனியிடமும் கழிப்பறையும் இல்லாத முகாமுக்கு நம் தாய்மார்கள் வரமாட்டார்கள்; நோயை மறைத்துக்கொண்டு வீட்டிலேயே கிடப்பார்கள். திரை கட்டுவதைக் கடைசி நேர வேலையாகக் கருதுவது நம் மார்க்கத்துக்கும் அழகல்ல. ஹிஜ்ரி 5-இல் அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் பின் முஆத் (ரழி) அவர்களுக்காக நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைந்தது. காயமுற்றோருக்கு அங்கே மருத்துவம் செய்தவர் ருஃபைதா (ரழி) என்னும் பெண்மணி. அவ்வழி வந்த நாம், முகாம் திட்டமிடும் அவையில் நம் பெண் மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் ஓர் இருக்கையேனும் தருகிறோமா?

ஆகவே சொல்கிறோம்: அண்டை ஜமாஅத்துகள் ஒன்றுகூடி, ஸதகா நிதியிலிருந்து, எளிதில் பிரித்துக் கட்டத்தக்க ஒரு முழுமையான நடமாடும் மருத்துவ முகாமை உருவாக்கட்டும். அதில் ஜெனரேட்டரும், நீர் சுத்திகரிப்புக் கருவியும், மருந்துக்கான குளிர்ப்பெட்டியும், பெண்களுக்கான மறைவிடமும் இருக்கட்டும். ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் பள்ளிவாசல் திடலில் அதைக் கட்டி, இயக்கி, குறைகளைக் களையட்டும். பேரிடர் வந்தபின் வசூலிப்பது இரக்கம். வருமுன் ஆயத்தமாவதே அமானிதம்.