எண்களைப் பார்த்து வாசிக்கிறவனை இகழாதிருங்கள்



சென்ற மாதம் ஒரு வாலிபனிடம் நான் தவறாகப் பேசிவிட்டேன். நம் ஆராதனையில் பேஸ் கிட்டார் வாசிக்கிற அந்தத் தம்பி, ஆராதனை முடிந்தபின் பின்வரிசையில் அமர்ந்து, கைபேசியில் நான்கு கோடுகளையும் சில எண்களையும் பார்த்து ஒரு பங்க் ராக் பாடலைப் பழகிக்கொண்டிருந்தான். “முதலில் இசைக்குறிப்பை வாசிக்கக் கற்றுக்கொள், எண்களைப் பார்த்துத் தட்டுவது இசையாகாது” என்றேன். அவன் மறுமொழி சொல்லாமல் கிட்டாரை உறையிலிட்டான். அடுத்த இரண்டு ஞாயிறுகளும் அவன் வாசிக்க வரவில்லை.

அவன் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அந்த எண்களை எனக்கும் கற்றுத் தரும்படி கேட்டேன்.

அதன் பெயர் டேப்லேச்சர். நான்கு கோடுகளும் பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகள். அடிக்கோடு மிகத் தடித்த ஈ தந்தி. அதற்கு மேல் முறையே ஏ, டி, ஜி. கோட்டின்மேல் நிற்கும் எண், எந்த ஃப்ரெட்டில் விரலை அழுத்த வேண்டும் என்று காட்டுகிறது. நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு 1976-இல் வெளியிட்ட ‘பிளிட்ஸ்க்ரீக் பாப்’ பாடலின் முக்கியப் பகுதிக்கு ஏ, டி, ஈ என்னும் மூன்று கார்டுகளே ஆதாரம். ஈ தந்தியில் 5, ஏ தந்தியில் 5, பின்பு 7. பத்து நிமிடங்களில் என் முதிர்ந்த விரல்களும் அவ்விடங்களைக் கண்டுகொண்டன.

இது சோம்பேறிகளின் கண்டுபிடிப்பு என்று எண்ணாதிருங்கள். ஐரோப்பாவில் லூட் வாசித்தவர்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே இவ்வகைக் குறிப்பைப் பயன்படுத்தினார்கள். லண்டனில் ‘தி கிளாஷ்’ குழுவில் சேர்ந்த பால் சிமனன் ஓவியம் பயின்றவர். அப்போது அவருக்கு பேஸ் வாசிக்கத் தெரியாது. சுரங்களின் பெயர்களைக் கருவியின் கழுத்திலேயே எழுதிவைத்துப் பழகினார். அவரே 1979-இல் வந்த ‘லண்டன் காலிங்’ தொகுப்புக்கு ‘தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்’ பாடலை இயற்றினார். அப்பாடலைக் கேட்டவர் மனதில் நிற்பது அதன் பேஸ் மெட்டே.

நம் கதையையும் எண்ணிப்பாருங்கள். என்னைப் போலவே நம் பாடகர் குழுவில் பலர் டானிக் சோல்ஃபா எழுத்துக்களைப் பார்த்துப் பாடக் கற்றவர்கள். அம்முறையை 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரப்பிய ஜான் கர்வன் ஒரு போதகர். நார்விச் நகரத்து ஆசிரியை சாரா கிளவர் வகுத்த முறையைத் தழுவி, ஐங்கோட்டுக் குறிப்பைக் கற்க வாய்ப்பில்லாத எளியோரும் பாடும்படி அதை அமைத்தார். அந்த வாசல் வழியாக உள்ளே வந்த நான், வேறொரு வாசலில் நின்ற பிள்ளையைத் தடுத்தேன்.

ஆயினும் டேப்லேச்சரின் குறையையும் சொல்ல வேண்டும். சோல்ஃபாவில் கால அளவும் குறிக்கப்படும். இணையத்தில் கிடைக்கும் சாதாரண டேப்பில் பெரும்பாலும் அது இராது. விரலை எங்கே வைப்பது என்று எண் சொல்லும். எப்போது தட்டுவது, எவ்வளவு நேரம் ஒலிக்கவிடுவது என்று சொல்லாது. ரமோன்ஸின் டீ டீ ரமோன் பிக்கை மேலிருந்து கீழாகவே அடித்து, ஒரு தாளவட்டத்திற்கு எட்டு அடிகள் வாசித்தார். அது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய ஆறு அடி. எண்கள் அனைத்தும் எனக்கு மனப்பாடமாயிருந்தும், ஒரு நிமிடத்திற்குள் மணிக்கட்டு இறுகிப்போயிற்று; தாளமும் தப்பிற்று.

அப்பொழுது தம்பி சொன்னான்: “ஐயா, கைபேசியைக் கவிழ்த்து வையுங்கள். பாட்டின் வேகத்தைக் குறைத்துப் போடுகிறேன். டிரம்ஸை மட்டும் கேளுங்கள்.” யாரோ ஒரு ரசிகர் காதால் கேட்டு எழுதிய டேப்பில் பிழையும் இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதும் காதுதான் என்றான். அன்று நான் மாணவன், அவன் ஆசிரியன்.

பெற்றோரே, பங்க் பாடல்களின் வரிகள் எல்லாம் நமக்கு ஏற்புடையவை அல்ல. அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள், கருவியைப் பிடுங்காதிருங்கள். வாலிபரே, எண்களைக் கொண்டு தொடங்க வெட்கப்படாதீர்கள். ஆனால் அவற்றோடு நின்றுவிடாமல், கேட்கப் பழகுங்கள். மூத்தோரே, எளிய வழியில் கற்கிறவனைக் கண்டால், நீங்கள் எவ்வழியில் கற்றீர்கள் என்பதை முதலாவது நினைவுகூருங்கள்.

கடந்த ஞாயிறு அவன் மீண்டும் வாசித்தான். இந்த வாரம் அவனைக் கண்டால், ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.