சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

இந்தப் பழமொழி இன்றைக்கு அப்படியே பொருந்துகிற தொழில் ஒன்று உண்டு. அது வெப்சைட் செய்யும் தொழில். பக்கத்தின் நிறம் என்ன, எழுத்து எவ்வளவு பெரிசு, ஓரத்தில் எவ்வளவு இடம் என்று சொல்கிற ஒரு சின்னக் கோப்புக்கு ஸ்டைல்ஷீட் என்று பெயர். அந்தச் சுண்டைக்காயைப் பிரவுசரிடம் கொண்டு சேர்க்க இவர்கள் கட்டி வைத்திருக்கும் தொழிற்சாலையைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் காரமாக எழுதப் போகிறேன். கணினி சமாசாரம் நமக்கெதற்கு என்று மூடிவிடாதீர்கள். உங்கள் சங்கமோ, குடியிருப்போ, கோயில் கமிட்டியோ வெப்சைட் வைத்திருந்தால் அந்தச் சுமைகூலியை நீங்களும்தான் கொடுக்கிறீர்கள்.

ஸ்டைல்ஷீட் எழுதும் மொழிக்கு சிஎஸ்எஸ் என்று பெயர். நார்வேக்காரரான ஹோகோன் வியூம் லீ 1994 அக்டோபரில் இந்த யோசனையை முன்வைத்தார். 1996 டிசம்பரில் முதல் தரநிலை வெளிவந்தது. அதில் ஒரு பெருந்தன்மை உண்டு. தனக்குப் புரியாத ஒரு வரி வந்தால் பிரவுசர் அதைத் தாண்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். பக்கம் நிற்காது. அன்றைக்கு எழுதிய எளிய ஸ்டைல்ஷீட் இன்றைய பிரவுசரிலும் வேலை செய்கிறது. இவ்வளவு நீண்ட ஆயுள் கணினி உலகில் அபூர்வம்.

இந்த எளிய கோப்பைத்தான் நேராகக் கொடுக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் முடிவு செய்தார்கள். நான் அறிந்த ரூபி ஆன் ரெயில்ஸ் ஃபிரேம்வொர்க்கையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2011 ஆகஸ்டில் வந்த அதன் 3.1 பதிப்பில் 'அசெட் பைப்லைன்' என்று ஒரு குழாய்த் தொடரை வைத்தார்கள். ஸ்டைல்ஷீட்டை சாஸ் என்ற இன்னொரு மொழியில் எழுதுவது இயல்பான வழியாயிற்று. ஒரு கருவி அதைச் சிஎஸ்எஸ் ஆக மாற்றும், ஸ்ப்ராக்கெட்ஸ் என்ற கருவி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும், பிறகு இடைவெளிகளைப் பிழிந்தெடுத்துச் சுருக்கும், கடைசியில் ஒரு அடையாளக் குறியைப் பெயரோடு ஒட்டி வெளியே அனுப்பும்.

நியாயமாகச் சொன்னால், அன்று அதற்குக் காரணம் இருந்தது. 2006ல் சாஸ் வந்தபோது சிஎஸ்எஸ்ஸில் மாறிகள் கிடையாது. ஒரே நிறத்தை நாற்பது இடத்தில் எழுதியிருந்தால் நாற்பது இடத்திலும் திருத்த வேண்டும். விதிக்குள் விதி எழுதவும் வழியில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். காரணம் போன பிறகும் கருவியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே, அவர்களோடுதான் என் சண்டை. 2017க்குள் முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் மாறிகள் வந்துவிட்டன. 2023ல் குரோம், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் விதிக்குள் விதியும் வந்துவிட்டது. ஆறு வற்றிய பிறகும் ஓடத்துக்கு வாடகை கொடுக்கிற கதையாக இருக்கிறது.

அந்தத் தொழிற்சாலைக்குள் நடக்கும் விநோதங்களைப் பாருங்கள். குறிப்புரை என்பது மனிதன் மனிதனுக்கு எழுதுவது, இயந்திரம் அதைப் படிக்காது என்றுதான் எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஸ்ப்ராக்கெட்ஸில் குறிப்புரைக்குள்தான் கட்டளையே இருக்கும். 'இந்த அடைவில் உள்ள எல்லாவற்றையும் சேர்' என்ற வரி குறிப்புரை வேஷத்தில் உட்கார்ந்திருக்கும். இது தேவையில்லை என்று நினைத்து யாராவது சுத்தம் செய்தால் வெப்சைட் வெள்ளைத் தாளாகிவிடும். சிஎஸ்எஸ்ஸில் சம வலிமையுள்ள இரண்டு விதிகள் மோதினால் பின்னால் வருவதுதான் ஜெயிக்கும், ஆகவே வரிசைதான் உயிர். 'எல்லாவற்றையும் சேர்' என்று சொல்லிவிட்டால் அந்த வரிசையே நம் கண்ணில் படாது.

நம் மொழி சம்பந்தப்பட்டதும் ஒன்று உண்டு. பழைய ரூபி சாஸ் கோப்பில் தமிழில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு, சர்வரின் எழுத்து அமைப்பு யூடிஎஃப்-8 ஆக இல்லாமல் போனால், 'ஆஸ்கியில் செல்லாத எழுத்து' என்று சொல்லி எல்லா வேலையும் நின்றுவிடும். அதே குறிப்பைச் சாதாரணச் சிஎஸ்எஸ் கோப்பில் எழுதினால் பிரவுசர் பேசாமல் தாண்டிப் போகும். இன்னொன்று: 'முழு அகலம், அறுபது எழுத்தளவு, இரண்டில் எது சிறிதோ அது' என்று சொல்ல இன்றைய சிஎஸ்எஸ்ஸில் 'மின்' என்று ஒரு வசதி உண்டு. பிரவுசருக்கு அது நன்றாகப் புரியும். லிப்சாஸ் என்ற கருவியோ அதைத் தன் சொந்தக் கணக்கு என்று நினைத்து, இரண்டு அளவுகளும் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடும். முதலாளிக்குச் சம்மதம், வாசலில் நிற்கும் காவலாளிக்குச் சம்மதமில்லை!

அந்தக் காவலாளியும் நிரந்தரமில்லை. ரூபி சாஸின் ஆயுள் 2019 மார்ச்சில் முடிந்தது. லிப்சாஸுக்குப் போகச் சொன்னார்கள். 2020 அக்டோபரில் அதற்கும் விடை கொடுத்து டார்ட் சாஸுக்குப் போங்கள் என்றார்கள். 2021 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 7, சாஸைத் தன் இயல்பான பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. 2024 நவம்பரில் வந்த ரெயில்ஸ் 8, புதிய வெப்சைட்டுகளுக்கு ஸ்ப்ராக்கெட்ஸுக்குப் பதிலாக ப்ராப்ஷாஃப்ட் என்ற கருவியை வைத்தது. அது என்ன செய்கிறது தெரியுமா? எதையும் மொழிமாற்றுவதில்லை. கோப்புக்கு அடையாளக் குறி ஒட்டி, உள்ளே உள்ள முகவரிகளைச் சரிசெய்து, அப்படியே அனுப்புகிறது. பதின்மூன்று வருஷம் ஊர் சுற்றிவிட்டுப் புறப்பட்ட வாசலுக்கே திரும்பி வந்திருக்கிறார்கள். வந்தது நல்லது. ஆனால் போகச் சொன்னவர்களை நம்பி வழியெல்லாம் வீடு கட்டியவர்கள் கதி?

எங்கள் ஓய்வூதியர் சங்கத்துக்கு ஒரு வெப்சைட் உண்டு. பல வருஷம் முன்பு ஒரு நிறுவனம் செய்து கொடுத்தது. ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ்வுச் சான்றிதழ் கொடுப்பது எப்படி என்ற விவரம் அதில்தான் வரும். எழுத்து ரொம்பப் பொடி. எழுபது வயதுக்காரர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார்கள். பதினான்கு என்ற எண்ணைப் பதினெட்டு ஆக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நிறுவனத்துத் தம்பி போனில் சொன்னார்: "சார், மாத்துறது ஒரு வரிதான். ஆனா அதை பில்ட் பண்ண அந்தக் காலத்து ரூபி வேணும், அந்தக் காலத்து சாஸ் வேணும். புது மிஷின்ல அது ஏறவே மாட்டேங்குது. மொத்தமா மாத்தினா முப்பத்தஞ்சாயிரம் ஆகும்." சர்வரில் உள்ள கோப்பை நேராகத் திருத்தினால் என்ன என்று கேட்டேன். அடையாளக் குறி ஒட்டிய கோப்பை ஒரு வருஷம் பத்திரமாக வைத்துக்கொள் என்று பிரவுசர்களுக்குச் சொல்லியிருப்பதால், பழைய உறுப்பினர்களுக்குப் பொடி எழுத்தே தெரியும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஒரு எண்ணை மாற்ற முப்பத்தைந்தாயிரமா? சங்கத்தின் ஒரு வருஷ சந்தாவே அவ்வளவு தேறாது.

பெரிய நிறுவனங்களின் கதை வேறு என்று சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். நூறு பேர் சேர்ந்து எழுதும் இடத்தில் கருவி வேண்டும், அதைப் பராமரிக்க ஆளும் சம்பளமும் அங்கே இருக்கிறது. பன்னிரண்டு பக்க வெப்சைட்டுக்கு அதே கருவியைப் பூட்டிவிட்டு, பூட்டியவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறாரே, அதைத்தான் அநியாயம் என்கிறேன். கட்டும்போது அவருக்கு மிச்சமாவது சில மணி நேரம். அதற்கான வட்டியைப் பத்து வருஷம் கட்டுவது நாம்.

ஆகவே சின்ன வெப்சைட் வைத்திருப்பவர்கள் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். ஸ்டைல்ஷீட் சாதாரணச் சிஎஸ்எஸ்ஸில் இருக்கட்டும். அடையாளக் குறி ஒட்டுவது மட்டும் போதும், அது பயனுள்ள வேலை. கருவி இல்லாமல் முடியாது என்று அவர் அடித்துச் சொன்னால், அது துப்பிய கோப்பை மனிதர் படிக்கக்கூடிய வடிவத்தில் மூலக் கோப்புகளோடு சேர்த்து ஒப்படைக்கச் சொல்லுங்கள். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன், அவர் எதிரிலேயே உங்கள் ஆளை விட்டு எழுத்தின் அளவை ஒருமுறை மாற்றச் சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் முடிந்தால் பணத்தைக் கொடுங்கள். முடியாவிட்டால் முடிகிற மாதிரி செய்து தரும்வரை கையிலேயே வைத்திருங்கள்.