சனிக்கிழமைப் பொட்டலமும் செவ்வாய்க்கிழமைப் பசியும்

காரைக்கால் வட்டாரத்தில் வீடற்றவர்களின் வாரம் கடவுள்களின் கிழமைப்படி நகர்கிறது. வியாழக்கிழமை நாகூர் தர்கா, சனிக்கிழமை திருநள்ளாறு, ஞாயிற்றுக்கிழமை வேளாங்கண்ணி. எங்கே கூட்டம் கூடுகிறதோ அங்கே சோறு கிடைக்கும். மற்ற நாட்களில் பேருந்து நிலையமும் மூடிய கடைகளின் வாசலும்தான். ஆய்வுப் படிப்புக்கு நடுவே மூன்று ஆண்டுகளாக நண்பர்களோடு சேர்ந்து இவர்களுக்கு உணவும் போர்வையும் சோப்பும் கொடுத்து வருகிறேன். அதில் கற்றது ஒன்று உண்டு. சோறு போடுவதாலேயே நாம் சாதிக்கு எதிராக நிற்கிறோம் என்று ஆகிவிடாது. பல நேரங்களில் சோறு போடும் முறைக்குள்ளேயே சாதி பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

திருநள்ளாற்றைப் பாருங்கள். சனி தோஷம் கழிய வருபவர்கள் நள தீர்த்தத்தில் குளிக்கிறார்கள், உடுத்தி வந்த துணியை விட்டுவிடுகிறார்கள், வாசலில் இருப்பவர்களுக்கு எள்ளுச் சாதப் பொட்டலம் கொடுக்கிறார்கள். துணியோடு போவது போலவே சோற்றோடும் பீடை போய்விடும் என்பது நம்பிக்கை. அப்படியானால் அந்தப் பொட்டலத்தை வாங்கித் தின்பவர் யார்? மற்றவரின் பீடையைச் சுமக்க ஏற்பட்ட ஆள். மானுடவியலாளர் குளோரியா ராஹேஜா உத்தரப் பிரதேசத்தின் பஹன்சு கிராமத்தில் ஆய்வு செய்து, 1988-இல் 'தி பாய்சன் இன் தி கிஃப்ட்' என்ற நூலை வெளியிட்டார். தானத்தோடு சேர்ந்து கொடுப்பவரின் அமங்கலமும் வாங்குபவரிடம் போய்ச் சேர்வதாக அந்த ஊர் நம்புவதை அதில் பதிவு செய்திருக்கிறார். தானம் என்பது வெறும் இரக்கம் இல்லை, யார் எதைச் சுமக்க வேண்டும் என்று பிரித்து வைக்கும் ஏற்பாடு என்பதைப் புரிந்துகொள்ள அந்த நூல் எனக்கு உதவியது.

அந்த நம்பிக்கையின் நடைமுறை விளைவும் கண்ணெதிரே தெரிகிறது. சனிக்கிழமை பொட்டலங்கள் மிஞ்சி, புளித்து, குப்பையில் விழுகின்றன. செவ்வாய்க்கிழமை அதே மனிதர்கள் டீயோடு படுத்துவிடுகிறார்கள். கொடுப்பவரின் தேவைக்காகக் கொடுக்கப்படும் உணவு, பசிப்பவரின் நேரத்துக்கு வராது.

எங்கள் குழுவுக்குச் சமைப்பவர்கள் தலித் குடியிருப்பைச் சேர்ந்த இரண்டு அக்காக்கள். தொண்டு என்று சொல்லி இலவசமாக வேலை வாங்குவதில்லை, கூலி உண்டு. ஒருமுறை அரிசி தர முன்வந்த ஒருவர், "ஏம்மா, சமையல் யார் கையால?" என்று கேட்டார். சொன்னோம். "அப்ப ஆளை மாத்துங்க, நான் மாசாமாசம் தர்றேன்" என்றார். அரிசி வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். சாப்பிடப் போவது அவர் இல்லை, தெருவில் படுத்திருப்பவர்கள். ஆனாலும் தன் புண்ணியம் எந்தக் கை வழியாகப் போகிறது என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது.

இது ஒரு தனி மனிதரின் கோளாறு இல்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் ஒருவர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைப்பதை ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கடற்கரையையே புரட்டிப் போட்டபோதும், நிவாரணத்தில் தலித் மக்கள் பாகுபடுத்தப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் 2005 அறிக்கை பதிவு செய்தது. ஊரே அழிந்த நாளிலும் சாதி அழியவில்லை.

அதனால்தான் நம் இயக்க மரபு தானத்தைப் பேசாமல் பந்தியைப் பேசியது. 1917-இல் கேரளத்தின் செறாயியில் சகோதரன் அய்யப்பன் நடத்திய சமபந்தியில் ஈழவர்களும் புலையர்களும் ஒன்றாக உட்கார்ந்து உண்டார்கள். அதற்காக அவரை 'புலையன் அய்யப்பன்' என்று இழிவாக அழைத்தார்கள். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பன மாணவர்களுக்குத் தனிப் பந்தி போடப்பட்டதை எதிர்த்துப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் போராடினார்கள். அங்கே யாரும் பட்டினி கிடக்கவில்லை. போராட்டம் சோற்றுக்காக இல்லை, எங்கே, யார் பக்கத்தில் உட்கார்ந்து உண்பது என்பதற்காக.

வட மாநிலத் தொழிலாளர்கள் விஷயத்தில் நமக்கே ஒரு கேள்வி இருக்கிறது. கட்டட வேலைக்கும் ஆலைகளுக்கும் வந்திருக்கும் இவர்களை 'வடக்கன்' என்று மீம் போடுபவர்களில் முற்போக்கு பேசும் தோழர்களும் உண்டு. ஊரில் நிலமும் வேலையும் மறுக்கப்பட்டு வந்த தலித்துகளும் பழங்குடிகளும் அவர்களில் ஏராளம். ஊர்ப் பெயரால் ஒரு மனிதரைக் கீழே வைக்கும் சொல்லை உச்சரித்துவிட்டு அவருக்குச் சப்பாத்தி கொடுப்பது, திருநள்ளாற்றுப் பொட்டலத்திலிருந்து எவ்வளவு தூரம்?

ஆனால் தொண்டர்களின் நல்ல நடத்தை மட்டும் போதாது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 2015-இல் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் என்றார்கள். மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024 தீபாவளியை ஒட்டித்தான் மீண்டும் திறந்தன. தெருவில் வாழ்பவருக்கு முகவரி இல்லை, அதனால் அட்டையும் இல்லை. பூட்டிய கடையில் பீகார் அட்டையும் செல்லாது. ஒரு லட்சம் நகர மக்களுக்குக் குறைந்தது நூறு பேர் தங்கும் நிரந்தரக் காப்பகம் என்பது தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்திருந்த வரையறை. பெருந்தொற்றின்போது, 2021 ஜூன் 29 அன்று, புலம்பெயர் தொழிலாளர்களுக்குச் சமூகச் சமையலறை நடத்தும்படி உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. தமிழ்நாட்டின் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம் என்று தொடங்கினார்கள். அங்கே சாப்பிடுபவர் யாருடைய பீடையையும் சுமப்பதில்லை. காசு கொடுத்துச் சாப்பிட்டு, கை கழுவி எழுந்து போகிறார்.

நாங்கள் இப்போது சனிக்கிழமையை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை சமைக்கிறோம். பொட்டலம் கட்டுவதில்லை. இலை போட்டு, சமைத்த அக்காக்களும் பரிமாறியவர்களும் அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். படம் எடுப்பதில்லை. அடுத்த வாரம் என்ன வேண்டும் என்று கேட்கிறோம். பெரும்பாலும் சோறு கேட்பதில்லை, செருப்பு கேட்கிறார்கள், கொசுவலை கேட்கிறார்கள், ஆதார் எடுக்கத் துணைக்கு வரச் சொல்கிறார்கள்.

தோழர்களே, உங்கள் ஊரிலும் இதைச் செய்யுங்கள். கூடவே உங்கள் நகராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். வீடற்றோர் காப்பகம் எங்கே இருக்கிறது, எத்தனை பேர் தங்கலாம், சமையலறை உண்டா என்று கேளுங்கள். காரைக்காலில் நாங்கள் கேட்கப் போகும் முதல் மூன்று கேள்விகள் இவைதான்.