பழந்தரவுக் கோப்புகளும் தமிழாய்வாளர் கடமையும்

கொல்கத்தா அலிப்பூரில் பெல்வெடியர் வளாகத்திலுள்ள தேசிய நூலகம், 1954ஆம் ஆண்டு நூல் வழங்கற் சட்டத்தின்படி, நாட்டில் வெளியாகும் தமிழ் நூல்களைப் பெறும் உரிமையுடையது. அவ்வளாகத்தைச் சார்ந்த மத்தியக் குறிப்புதவி நூலகத்தின் இந்தியத் தேசிய நூற்பட்டியல் 1957இல் தொடங்கப்பெற்றது. மயிலாப்பூரில் பிறந்த பி. எஸ். கேசவன் அதன் பொதுப் பதிப்பாசிரியராக விளங்கினார். பன்மொழி நூல்களும் அதில் உரோமன் எழுத்திலேயே நிரல்படுத்தப்பட்டன. இவ்வகைப் பட்டியல்கள் கணினிக்கு மாறும்பொழுது தமிழுக்கு நேர்வது யாது என்பது தமிழ்த்துறைகள் பெரிதும் எழுப்பாத வினா.

1985இல் யுனெஸ்கோ சிறுகணினிகளுக்கென வழங்கிய சி.டி.எஸ்./ஐசிஸ் மென்பொருள் இந்திய நூலகங்களில் பரவலாகப் பயன்பட்டது. அதன் கோப்புகளை இன்று அட்டவணைகளாக மாற்றி எஸ்.கியூ.எல். எனும் வினவல் மொழியால் தேடுகின்றனர். 'இது நிரலாளர் பணி. தமிழறிஞர்க்கு இங்கு வேலையில்லை' என்னும் கருத்து ஆய்வுலகிலேயே நிலவுகிறது. இக்கருத்து ஏற்கத்தக்கதன்று.

முதலாவது, ஐசிஸ் அமைப்பில் ஒரு புலம் ஒரே பதிவில் பலமுறை வரலாம். மூலாசிரியர், உரையாசிரியர், பதிப்பாசிரியர் என மூவர் பெயரைத் தாங்கும் தமிழ் நூலுக்கு இது பொருந்திய அமைப்பு. மாற்றுவோர் முதற்பெயரை மட்டும் ஒரு நிரலில் இட்டால் ஏனையோர் மறைவர். குறுந்தொகையைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915இலும் உ. வே. சாமிநாதையர் 1937இலும் பதிப்பித்தனர். பதிப்பாசிரியர் பெயர் உதிர்ந்த அட்டவணையில் இவ்விரண்டையும் பிரித்தறிய ஆண்டு ஒன்றே எஞ்சும். பதிப்பாசிரியர் பெயரால் வினவும் மாணவர்க்கு விடை வாராது; விடை வாராமையே நூலின் இன்மைக்குச் சான்றாகக் கொள்ளப்படும். பெயர்களுக்கெனத் தனி அட்டவணை அமைத்து, ஒவ்வொருவர் பங்கையும் குறித்து இணைப்பதே முறை.

இரண்டாவது, உரோமன் வடிவில் மேற்குறி, கீழ்க்குறிகள் உதிர்ந்தால் வலி, வளி, வழி மூன்றும் ஒன்றாகிவிடும். இழந்த ழகரத்தை எந்த வினவல் மொழியும் மீட்டுத் தாராது. நூலை அறிந்தவரே மீட்க இயலும்.

மூன்றாவது, பரிமாற்றத்திற்குரிய ஐ.எஸ்.ஓ. 2709 அமைப்பில் 24 எழுத்துத் தலைப்பகுதியை அடுத்து, ஒவ்வொரு புலத்தின் நீளமும் தொடக்க இடமும் எண்களாகப் பதியப்பட்டிருக்கும். எட்டுபிட்டுக் குறியேற்றத்தில் ஒரு பைட்டாக இருந்த தமிழ்க் குறி, யு.டி.எஃப்.-8 முறையில் மூன்று பைட்டாக விரியும். அவ்வெண்களைத் திருத்தாது எழுத்தை மட்டும் மாற்றினால் ஒரு புலத்தின் இறுதி மற்றொன்றின் தொடக்கமாகப் படிக்கப்படும்.

'செலவும் காலமும் இடந்தாரா' என்பது எதிர்வாதம். ஓலையிலிருந்து அச்சுக்கு மாறியபோதும் இவ்வாதம் பொருந்தியிருக்கும். ஆயினும் பாடவேறுபாடு குறித்த பதிப்புகளே இன்றும் நிலைபெற்றுள்ளன. கோப்பு மாற்றமும் பதிப்புப் பணியே. எனவே மூலக்கோப்பு அழியாது காக்கப்பெறல் வேண்டும். மாற்ற விதிகள் எழுத்தில் வெளியிடப்பெறல் வேண்டும். ஐயத்திற்குரிய பதிவுகள் ஊகத்தால் திருத்தப்படாது குறியிடப்பெறல் வேண்டும். பெயரும் எழுத்தும் பற்றிய விதிகளை வகுக்கும் குழுவில் தமிழாய்வாளர் இடம்பெறல் வேண்டும். இதனைக் கேட்டுப் பெறாத துறை, பின்னர்ப் பட்டியலைக் குறைகூறும் தகுதியை இழக்கிறது.