எல்லாப் பழியும் வயசு மேலேயா?

எந்த ஊர் மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையிலும் இதைப் பார்க்கலாம். எழுபதைத் தாண்டிய அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கேள்விகளுக்குப் பதில் சொல்வது பக்கத்தில் நிற்கும் மகன். சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி தூக்கமில்லை, யாரோடும் பேசுவதில்லை, பாத்ரூமில் ரெண்டு தடவை விழுந்துவிட்டார். "வயசு என்னாச்சு?" "எழுபத்தி மூணு சார்." "வயசானா அப்படித்தான் இருக்கும்." ஒரு சத்து மாத்திரை, வலிக்குத் தடவ ஒரு களிம்பு, அடுத்த டோக்கன்.

டாக்டரை மட்டும் திட்டிப் பயனில்லை. மகனும் அதையேதான் நம்புகிறார். அம்மாவோ இருவரையும் விட உறுதியாக நம்புகிறார். ஆனால் மூப்பு வேறு, நோய் வேறு. தோல் சுருங்குவதும், நடை மெதுவாவதும், தெரிந்தவர் பெயர் சட்டென்று வராமல் போவதும் மூப்பு. சோறு இறங்காமல் போவது, பழகிய தெருவில் வழி தவறுவது, அடிக்கடி விழுவது எல்லாம் காரணம் தேட வேண்டிய கோளாறுகள். தேடினால் பல நேரம் கிடைக்கிறது, கிடைத்தால் பல நேரம் சரியாகிறது.

ஒரே ஒரு உறுப்பு மட்டும் 'வயசானா அப்படித்தான்' என்ற தீர்ப்பிலிருந்து தப்பித்திருக்கிறது: கண். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பொரை விழுந்து பார்வை மங்கினால் விதியென்று திண்ணையோடு முடங்கியவர்கள் அன்று ஏராளம். கிராமம் கிராமமாக முகாம் போட்டு ஆட்களை அழைத்துவந்த பிறகு நிலைமை மாறியது. இன்றைக்கு எண்பது வயதுத் தாத்தாவுக்குக் கண் மங்கினால் 'வயசாச்சு, விடு' என்று யாரும் சொல்வதில்லை. 'லென்ஸ் வெச்சுடலாம்' என்கிறார்கள். கண்ணுக்குக் கிடைத்த நியாயம் காதுக்கும் காலுக்கும் மனசுக்கும் ஏன் கிடைக்கவில்லை?

காதையே எடுத்துக்கொள்வோம். பேச்சு காதில் விழாதவர் கொஞ்ச நாள் 'என்ன, என்ன' என்று கேட்பார். வீட்டார் சலித்துக்கொள்ள, கேட்பதை விட்டுவிடுவார். கல்யாண வீட்டிலும் ஓரமாக உட்காருவார். 'அவருக்கு இப்பல்லாம் ஒண்ணும் புரியறதில்லை' என்று முத்திரை விழுந்துவிடும். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கை, கவனித்துத் திருத்தக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றைச் சரிசெய்தால் உலகின் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது. அந்தப் பட்டியலில் முன்வரிசையில் நிற்பது கவனிக்கப்படாத செவிக்குறைபாடு. கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூச்சப்படாத நாம், காது மெஷின் என்றால் மட்டும் 'இந்த வயசுல எதுக்கு' என்கிறோம்.

ஒரே வாரத்துக்குள் ஒருவர் குழம்பிப் பேசத் தொடங்கினால் அது 'புத்தி பேதலித்ததாக' இருக்க வேண்டியதில்லை. ரத்தக்கொதிப்புக்குத் தரும் நீர் மாத்திரையால் உடம்பில் சோடியம் இறங்கியிருக்கலாம். மூத்திரத் தொற்றாக இருக்கலாம். என்றைக்கோ தலையில் பட்ட அடியால் மண்டைக்குள் மெல்ல ரத்தம் கசிந்திருக்கலாம். மெதுவாக வரும் மந்தத்துக்குத் தைராய்டும் பி12 குறைபாடும் காரணமாவதுண்டு. இவற்றில் பெரும்பாலானவை சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எழுதிக்கொடுத்தால்தானே?

மனச்சோர்வு இன்னும் மோசமாக ஒளிந்துகொள்கிறது. வயதானவர்களிடம் அது அழுகையாக வருவது குறைவு. உடம்பெல்லாம் வலி, வாய்க்கசப்பு, விடிகாலை மூன்று மணி விழிப்பு, 'எதுவும் பிடிக்கல' என்ற முணுமுணுப்பாகத்தான் வருகிறது. 2017-18-ல் இந்தியா முழுவதும் 45 வயதைத் தாண்டிய சுமார் 72,000 பேரிடம் ஓர் அரசு ஆய்வு நடந்தது. அதில் 60 வயதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதத்தினரிடம் கடும் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. மருத்துவரே கண்டறிந்து சொன்னதாகக் கூறியவர்கள் 0.8 சதவீதம்தான். மீதிப்பேரின் நோய் 'கெழடு தட்டிருச்சு' என்ற பேச்சுக்கடியில் கிடக்கிறது.

பாசத்தின் பெயரால் நடக்கும் கொடுமையும் ஒன்று உண்டு. "நீங்க பேசாம உட்காருங்கப்பா, நான் எடுத்தாறேன்." சொம்புத் தண்ணீருக்குக்கூட எழவிடாத வீடுகள் இருக்கின்றன. எழாத காலில் தசை கரைகிறது, தசை கரைந்தவர் விழுகிறார், விழுந்த பயத்தில் இன்னும் எழுவதில்லை. 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்குக் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். அவர்களின் சராசரி வயது 90. பயிற்சியை முடித்தவர்களின் தொடை வலு எட்டே வாரத்தில் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள்.

இதெல்லாம் நம் ஊருக்குத் தெரியாத சங்கதி என்றும் சொல்ல முடியாது. டாக்டர் வி.எஸ். நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கென்றே தனிப் புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கியது 1978-ல். முதியோர் மருத்துவத்துக்கு நாட்டிலேயே முதன்முதலாக எம்.டி. படிப்பு வந்ததும் 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். 2024 முதல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் மருத்துவமனை இயங்குகிறது. வழிகாட்டிய ஊரிலேயே பழைய பல்லவி தொடர்கிறது.

'இன்னும் எத்தனை நாளைக்கு, எதுக்கு இந்தச் செலவு' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனசுக்குள் கேட்பார்கள். கணக்கே போடுவோம். இந்தியாவில் 60 வயதைத் தொட்டவருக்குச் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகள் இருக்கின்றன. அதில் எத்தனை ஆண்டு அவர் தானாக எழுந்து கழிவறைக்குப் போய்வருவார் என்பதில், இந்த வருஷம் அவருடைய காதையும் சோடியத்தையும் யாராவது பரிசோதித்தார்களா, கால் தசைக்கு வேலை கொடுத்தார்களா என்பதற்கும் பெரிய பங்கு உண்டு.